இதுல இன்னா போட்டிருக்கீங்க?

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கூச்சம்தான். பாசம், மரியாதை எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். அவரோடு எங்கே போனாலும் யாரையாவது கூப்பிட்டு எதையாவது கேட்டுவிடுவார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, இவர் யாரோ எவரோ என்கிற முகத்தோடு சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்ப்பேன்.

திருச்சானூர் ரோட்டில் என் டிராவல்ஸ் ஆபீசுக்கு எதிரே ஒரு டிபன் ஓட்டல் இருந்தது. ஒருமுறை அக்காவை அங்கே அழைத்துப் போனேன். பொங்கல் வந்தது. ஒரு வாய் வைத்தார். சர்வரைக் கூப்பிட்டார்.

"இதுல இன்னா போட்டிருக்கீங்க? நெய்யா, டால்டாவா?"

"நெய்தாம்மா."

"நீ பாத்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?"

சர்வர் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் சமையல்காரரே கரண்டியோடு வெளியே வந்தார். சண்டைதான் என்று நான் பில் போடுகிற இடத்துக்கு நகர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் அக்காவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, நெய் சகம், டால்டா சகம். முதலாளிகி செப்பொத்து" என்று தெலுங்கில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார். பாதி நெய், பாதி டால்டா. முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிறார். அக்காவும் அவருடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஓட்டலில் நான் பல வருஷமாகச் சாப்பிடுகிறேன். அந்தச் சமையல்காரரின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் கேட்காத ஜாதி. புத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். யாராவது எதையாவது சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்புவேன். வழி தெரியாவிட்டாலும் கேட்க மாட்டேன். தெரிந்தவன் மாதிரி நடந்து, தெரு முடிந்ததும் திரும்பி வருவேன். இப்படிப்பட்டவன் எப்படி டிராவல்ஸ் நடத்தினேன் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்பாள்.

அக்கா பிறந்தது பேரணாம்பட்டு பக்கம். வாக்கப்பட்டது சித்தூரில், ஒரு மாம்பழக்கூழ் ஆலை வைத்திருந்த குடும்பத்துக்கு. வீட்டுக்காரர் கணக்கைப் பார்த்துக்கொள்ள, பழமும் கூழும் டப்பாவும் அக்காவின் பொறுப்பு. சீசனில் ஆலை வாசலில் லாரிகள் நிற்கும். டிரைவர்கள் செக்போஸ்ட்டுக்குப் பயந்தார்களோ இல்லையோ, அக்காவுக்குப் பயந்தார்கள். எந்தத் தோப்பு, யார் பறித்தது, மழையில் நனைந்ததா, வழியில் எங்கே நிறுத்தித் தூங்கினாய் என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். கோபமாகக் கேட்க மாட்டார். அதுதான் கஷ்டம். கோபமாகக் கேட்டால் பதிலுக்கு நாமும் கோபப்பட்டுத் தப்பிக்கலாம். அக்கா சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தை விசாரிக்கிற மாதிரி கேட்பார்.

நான் ஜப்பான் நிபுணர் ஆன கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்ரீசிட்டியில் இருக்கும் கம்பெனிகளுக்கு வரும் ஜப்பான்காரர்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வர என் கார்கள் ஓடின. நானும் சில நாள் ஓட்டினேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியில் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார் என்பதற்காக, நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்து வணங்கி, டிவைடரில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொடர்பிலும் கற்றுக்கொண்ட நாலைந்து வார்த்தையிலும் தைரியம் வந்து, போர்டில் 'ஜப்பான் சுற்றுலா நிபுணர்' என்று எழுதச் சொன்னேன். பெயின்டர் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி கேட்டார்: "ஜப்பான் போய்க்கினு வந்தியாண்ணா?"

"போவப்போறேன்பா. நீ எழுது."

ஆலைக்குக் கார் அனுப்பிப் பழக்கமான அக்கா, அந்தப் போர்டைப் பார்த்துத்தான் ஜப்பான் போக வேண்டுமென்று உள்ளே வந்தார். கூடவே அவருடைய வீட்டுக்காரர். அவரை நான் பாய் என்பேன். நல்ல மனிதர், அக்கா கேட்டு முடித்த பிறகு மிச்சம் இருந்தால்தான் பேசுவார். நாலைந்து குடும்பமாகப் போகலாம் என்றார்கள்.

"பெரிய ஊரு வேணாம் நைனா. கட்டடம் பாக்கணும்னா மெட்ராஸ் போதும். உள்ளுக்குள்ள, மலப்பக்கம், சின்ன ஊரா பாரு. அங்க இருக்கறவங்க துன்றத நாங்களும் துன்னணும். போற எடத்துல எல்லாம் நம்ம ஊர் கொழம்ப ஊத்தி ஏமாத்தக்கூடாது."

"முஸ்லிம் ஃப்ரெண்ட்லி பேக்கேஜ் போட்டுடலாம்க்கா."

"அப்டின்னா இன்னா?"

நான் கம்ப்யூட்டரில் அதற்காகவே ஒரு வகுப்பு பார்த்திருந்தேன். தொழ இடம், திசை, கைகால் கழுவத் தண்ணீர், எல்லாம் ஒப்பித்தேன். கடைசியாக என் பெரிய சீட்டை இறக்கினேன். "சாப்பாட்டுக்குக் கவலையே இல்லக்கா. எல்லா எடத்துலயும் பியூர் வெஜ் சொல்லிடறேன்!"

இதில் என்ன தப்பு என்று திருப்பதிக்காரன் யாருக்கும் புரியாது. எங்கள் ஊரில் எந்த நாட்டிலிருந்து எந்த ஜனம் வந்தாலும் பியூர் வெஜ் என்று ஒரு போர்டைக் காட்டினால் விசாரணை முடிந்தது. மார்வாடி, குஜராத்தி, மலேசியாக்காரர், எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். காய்கறியில் என்ன வில்லங்கம் இருக்க முடியும்? அக்காகூட அன்றைக்கு, "காயா? சரி, காய்னா பிரச்சன இல்ல" என்றுதான் சொன்னார். அவர் கேள்வி கேட்காமல் விட்ட ஒரே இடம் அது.

தேதி மட்டும் எனக்கு உதைத்தது. ஆலையில் வேலை குறைகிற நேரம் பார்த்து அக்கா சொன்ன தேதி புரட்டாசி மாதத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் புரட்டாசியில் கவிச்சி தொட மாட்டோம். மற்ற மாதங்களில் நான் அக்கா வீட்டு பிரியாணிக்கு அழைக்காமலே போகிறவன்தான். ஆனால் இந்த வருஷம் என் மனைவி, ஜப்பான் பயணம் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று, மாதம் முழுக்க நான் மீன் முட்டைகூடத் தொட மாட்டேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். வேண்டுதல் அவளுடையது, பத்தியம் என்னுடையது. இதை நான் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போகிறவனுக்கே சாப்பாட்டுப் பிரச்சினை என்றால் நிபுணர் பட்டம் என்ன ஆவது?

முதல் நாள் சாயங்காலம் நகானோ மாகாணத்தில் மலையடிவாரத்தில் ஒரு பழைய பாணி விடுதி. தரையில் கோரைப்பாய் விரித்த அறை. விடுதி அம்மாள் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் முன்னாலும் சின்னச் சின்னக் கிண்ணங்களை வைத்தார். பூசணிக்காய், கத்தரிக்காய், காளான், எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற அழகு. பார்த்தீர்களா என்று நான் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தேன்.

அக்கா பூசணித் துண்டைக் குச்சியில் எடுத்தார். முகர்ந்தார். கீழே வைத்தார். போனை எடுத்து மொழிபெயர்ப்பைத் திறந்து, விடுதி அம்மாளின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அம்மா, ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க. இதுல இன்னா போட்டிருக்கீங்க?"

அந்த அம்மாள் மகிழ்ந்துபோய் நிதானமாகச் சொன்னார். போன் அதை உணர்ச்சியில்லாத தமிழில் வாசித்தது: மீன் சாறு, சோயா சாறு, அரிசி மது, மிரின் என்னும் இனிப்பு மது, இவற்றில் வேகவைத்தோம்.

மது என்பதால் அவர்களுக்கு ஆகாது. மீன் என்பதால் எனக்கு ஆகாது. ஒரே ஒரு பூசணித் துண்டு இரண்டு மதத்தையும் ஒரே நேரத்தில் பட்டினி போட்டுவிட்டது. பியூர் வெஜ் என்று சொல்லி இதைச் சாதித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விடுதி அம்மாளுக்கு விஷயம் புரிந்து கண் கலங்கிவிட்டது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க தப்பு இல்லம்மா. நான் முன்னாடியே கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு." என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வெறும் சோறு கேட்டு வாங்கி, பையிலிருந்து பருப்புப் பொடியையும் எலுமிச்சை ஊறுகாயையும் எடுத்துப் பரிமாறினார். நானும் கையை நீட்டினேன்.

"நீ ஏன் நைனா? உனக்குத்தான் எல்லாம் ஆவுமே, அத்த துன்னு."

"வயிறு சரியில்லக்கா."

காலையில் விடுதி அம்மாள் பரிகாரமாக ஒரு தட்டு நிறைய அவித்த முட்டை கொண்டுவந்து வைத்தார். எல்லாரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். என் வயிறு அன்றைக்கும் சரியில்லை.

திசை காட்டிய கதையையும் மறைத்துப் பிரயோஜனமில்லை, சித்தூரில் எல்லாருக்கும் தெரியும். மதியத் தொழுகைக்கு நேரமானதும் நான் போனில் திசைகாட்டியைத் திறந்து, அறையின் நடுவில் நின்று, கப்பல் கேப்டன் தோரணையில் கையை நீட்டினேன். கை நேராகக் கழிவறைக் கதவைக் காட்டியது. அக்கா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்தார். கீழே தோட்டத்தில் செடி வெட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, சூரியனைக் காட்டி, கையை மெல்லச் சாய்த்து, எங்கே என்பதுபோல் விரித்தார். அவர் கத்தரியாலேயே எதிர்ப்பக்கத்து மலையைக் காட்டினார்.

"பொழுது அங்க சாயுது. அதுலேர்ந்து கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம். விரிங்கம்மா" என்றார் அக்கா. பாய் மட்டும் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, உங்க போன் கவர்ல காந்தம் இருக்குது."

இன்னொரு நாள், ஒரு மலை ரயில் நிலையம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி வருகிற மாதிரி இடம். தொழுகைக்கு நேரம். ரயில்வே ஸ்டேஷனில் போய் இதையெல்லாம் கேட்பதா என்று நான் டைம்டேபிளைப் படிக்க ஆரம்பித்தேன். எல்லாம் ஜப்பான் எழுத்து, ஆனாலும் படித்தேன். அக்கா நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார். அவர் ஓய்வுபெறும் வயதில் இருந்த மனிதர். போன் சொன்னதைக் கேட்டார், யோசித்தார், உள்ளே போய்ப் பூட்டிக் கிடந்த பழைய காத்திருப்பு அறையைத் திறந்து, தானே பெருக்கி, சுத்தமான நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்துக் கொடுத்தார். பிறகு வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நடுவில் வண்டி வந்தது. விசிலை வாய்வரை கொண்டுபோனவர், திரும்பி அறையைப் பார்த்துவிட்டு, விசிலைப் பைக்குள் போட்டுக் கொடியை மட்டும் ஆட்டினார். அக்கா கேட்டிருக்காவிட்டால் அந்த மனிதர் இப்படிப்பட்டவர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இதை நினைக்கும்போது மட்டும் எனக்குக் கூச்சம் வருவதில்லை.

ஆனால் அடுத்த கடையிலேயே வந்துவிட்டது. முக்குக்கு முக்கு இருக்கும் சின்னச் சூப்பர் மார்க்கெட் ஒன்றில், முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை. போன் மொழிபெயர்த்த லேபிளில் ஏதோ ஒரு எண்ணெய் எதிலிருந்து எடுத்தது என்று போடவில்லை. ஆலையில் லேபிள் படித்தே பழகிய கண் அக்காவுக்கு. அந்த ஒரு வார்த்தையில் போய் நின்றது. கல்லாவில் இருந்த பெண்ணைக் கேட்டார். அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் தயாரித்த கம்பெனிக்கே போன் போட்டார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை, அதனால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. நான் வெளியே போய் ஒரு குளிர்பான மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அக்கா வெறுங்கையோடு வெளியே வந்தார்.

"தெரியலயாம். சொல்ல முடியலன்னு மூணு பேரும் குனிஞ்சி மன்னிப்புக் கேக்கறாங்க. பாவம்."

"வுட்டுட வேண்டியதுதானேக்கா? ஒரு உருண்ட சோறு."

"கேட்டா இன்னா கொறஞ்சிடும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாளாக ஆக அந்தச் சிரிப்பு சிறுத்துக்கொண்டு வந்ததை நான் கவனித்தேன். எந்தக் கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். குழம்பில் மிரின். ஊறுகாயில் அரிசி மது. வறுவலில் பன்றிக் கொழுப்பு. எல்லாரும் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். அக்காவும் பதிலுக்குக் குனிந்துவிட்டு வெளியே வந்தார். பருப்புப் பொடி தீர்ந்துகொண்டிருந்தது.

வேனில் போகும்போது ஒருநாள் அவரே சொன்னார். இரண்டு பக்கமும் வயல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கறுப்பாக ஒரு தானியம், அதன் பூவாம். அந்த மாவில்தான் அந்த ஊரின் பெயர்பெற்ற நூடுல்ஸ். சொபா என்கிறார்கள்.

"கூழ் விக்கறதுக்கு நான் போவாத நாடு இல்ல நைனா. வேல முடிஞ்சா விருந்து வைப்பாங்க. பெரிய மேச. எல்லாரும் துன்னுவாங்க, சிரிப்பாங்க, இத்த ருசி பாரு அத்த ருசி பாருன்னு தட்ட மாத்திக்குவாங்க. நான் ஓரமா வாழப்பழத்த உரிச்சிக்கினு குந்தினிருப்பேன். பாவம்னு ஒரு பார்வ பாப்பாங்க பாரு. பசி தாங்கிக்கலாம், அந்தப் பார்வையத் தாங்க முடியாது." கொஞ்ச நேரம் பூவைப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஒருவாட்டி, அந்த ஊர் ஜனங்க பக்கத்துல குந்தி, அவங்க துன்றதையே துன்னுட்டு எழுந்து வரணும். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தேன். எங்க வீட்டுக்காரர் கிட்ட கோயில் பாக்கணும், மல பாக்கணும்னு சொல்லிவெச்சேன்."

முன்சீட்டில் இருந்த பாய் திரும்பாமலே, "தெரியும்" என்றார்.

எனக்கு அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நான் கூச்சப்பட்டுக் காலண்டர் பார்த்த ஒவ்வொரு முறையும் இவர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. அவரை ஒரு மேசையில் உட்காரவைத்துச் சாப்பிடவைக்காமல் ஊர் திரும்பினால், அந்தப் போர்டை நானே கழற்றி அடுப்பில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வழக்கம்போல் மனதுக்குள்தான்.

கடைசி நாள் சனிக்கிழமை. சாயங்காலம் டோக்கியோவுக்குக் கிளம்ப வேண்டும். வேன் டிரைவர் ஒரு பள்ளத்தாக்கில், வயலை ஒட்டிய சின்ன சொபா கடையில் நிறுத்தினார். வயதான தம்பதி நடத்துகிற கடை. உள்ளே ஒரே ஒரு நீள மேசை. உள்ளூர் பெண்கள் சிலர் உட்கார்ந்து சளசளவென்று பேசிக்கொண்டு, சர்ரென்று உறிஞ்சிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்று அந்த மேசையைப் பார்த்தார்.

பிறகு போனை எடுத்தார். "ஐயா, உங்க நூடுல்ஸோட ஊத்தற சாறுல இன்னா போட்டிருக்கீங்க?"

மிரின். கடைக்காரர் குனிந்தார். அக்காவும் குனியப் போனார். பாதியில் நிமிர்ந்தார். "அது இல்லாம செய்ய முடியுமா ஐயா? நேரம் ஆனாலும் பரவால்ல. குந்தினிருக்கோம்."

கடைக்காரர் உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் ஒரு சோயா சாறு பாட்டில், ஒரு கட்டு கடற்பாசி, ஒரு பிடி காய்ந்த மீன். இந்த மூன்றை மட்டும் வைத்துப் புதிதாகக் காய்ச்சுகிறேன் என்றார். அக்கா பாட்டிலின் லேபிளைப் போனில் காட்டி வார்த்தை வார்த்தையாகப் படித்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தைப் படித்தோம்.

"ஆவும்" என்றார்.

உள்ளூர் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அக்கா அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். அடுப்பில் சாறு கொதிக்க ஆரம்பித்து வாசனை வந்தது. மீன் வாசனை. நான் யாரும் பார்க்காதபடி வாசலுக்குப் போய், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, காலையில் வாங்கிவைத்திருந்த வாழைப்பழத்தை உரித்தேன்.

"நைனா, அங்க இன்னா பண்றே?"

மேசையிலிருந்து அக்காவின் குரல். நான் வாழைப்பழத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். நாற்பத்தைந்து வயசு எனக்கு.

"பசி இல்லக்கா."

"இல்லாத பசிக்கு எதுக்கு வாழப்பழம்? வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். சூப் குடிக்கல. முட்ட துன்னல. உனக்கு இன்னா பிரச்சன?"

நான் காலண்டரைத் தேடினேன். அந்தக் கடையில் காலண்டர் இல்லை. பாய்தான் சொன்னார்: "பொரட்டாசி. அதுவும் இன்னிக்கி சனிக்கெழம. சித்தூர்ல கறிக்கடைங்க காத்து வாங்கினிருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனார். கடைக்காரர் நூடுல்ஸைத் தண்ணீரில் போடக் கையில் எடுத்திருந்தார்.

"ஐயா, கொஞ்சம் இருங்க. மீனும் இல்லாம?"

ஓடிப்போய் நடுவில் நின்றேன். "வேணாங்க்கா! நீங்க ஆசப்பட்டது கொதிச்சிக்கினு இருக்குது. நீங்க துன்னுங்க. இன்னிக்கி வுட்டா வேற நாள் இல்ல. எனக்காக ஒண்ணையும் மாத்தாதீங்க, உங்க கால்ல வுழறேன்."

"வாய மூடு நைனா. வாழப்பழம் எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

கடைக்காரர் கொதிக்கும் சாறைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். எல்லாம் போச்சு என்று நான் நினைத்தபோது அவருடைய மனைவி அவர் தோளில் ஒரு அடி வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் பின்கட்டு வழியாக வெளியே போனார். வரும்போது மண் ஒட்டிய முள்ளங்கி. அவர்கள் வீட்டில் அந்தக் காலத்திலிருந்து இப்படித்தான் சாப்பிடுவார்களாம்; விலைப்பட்டியலில் கிடையாது. முள்ளங்கியைத் துருவிச் சாறு பிழிந்து, அதில் சோயாவை உப்புப் போட்டுப் புளிக்க வைத்த விழுதைச் சுட்டுக் கரைக்க வேண்டியது. அவ்வளவுதான். விழுதில் என்ன இருக்கிறது என்று அக்கா கேட்காமல் இருப்பாரா? கேட்டார். சோயா, அரிசி, உப்பு; நானே செய்தேன் என்று அந்த அம்மாள் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

கிண்ணங்கள் வந்தன. அக்கா, பாய், மற்ற குடும்பங்கள், வேன் டிரைவர், நான். எல்லார் முன்னாலும் ஒரே பண்டம். உள்ளூர் பெண்களும் எங்களுக்கும் அதையே கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கும் அது பழைய வீட்டுச் சாப்பாடுபோல. அக்கா பிஸ்மி சொல்லி, பக்கத்துப் பெண்ணைப் பார்த்துக் குச்சியைப் பிடித்து, அவள் மாதிரியே சர்ரென்று சத்தமாக உறிஞ்சினார். அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி தன் கிண்ணத்திலிருந்து வெங்காயத்தாளை எடுத்து அக்காவின் கிண்ணத்தில் போட்டாள். அக்கா அதையும் சேர்த்து உறிஞ்சினார். நடுவில் பாய் பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுக்கப் போனார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். கடைசிச் சொட்டுவரை குடித்துக் கிண்ணத்தைக் காலி செய்தார்.

வெளியே வந்து வேனில் ஏறப்போகும்போது என்னைக் கேட்டார்: "எப்டி இருந்துச்சி?"

"சூப்பர்க்கா!"

"பொய் சொல்லாத. வெறும் மாவு. ஜில்லுன்னு. பச்ச முள்ளங்கி மூக்குல ஏறி மண்டையப் பொளக்குது. எனக்குப் புடிக்கவே இல்ல."

அவ்வளவு காத்திருந்து, அவ்வளவு கேட்டு, வந்ததையும் எனக்காக விட்டுவிட்டு, கடைசியில் இதுவா? மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் முகம் கல்யாண வீட்டில் இருப்பவர் முகமாக இருந்தது.

"ஊரூரா எத்தினி மேசைல குந்தியிருப்பேன் நைனா. எல்லாரும் அது நல்லா இருக்குது, இது நல்லா இல்லன்னு பேசிக்குவாங்க. எனக்கு நல்லா இல்லன்னு சொல்றதுக்குக்கூட வழி இல்ல. துன்னாத்தானே சொல்ல முடியும்?"

அப்படிச் சொல்லிவிட்டு வேனில் ஏறி, வரிசையாக ஒவ்வொருவரிடமும் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டே பின்சீட்டுவரை போனார்: "நல்லாவே இல்ல, இல்ல?"